வீடியோ உடைகிறதா, தடுமாறுகிறதா? கொம்பியூட்டரில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

"வீடியோ உடையுது" என்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் அநேகமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "விண்டோஸைத் திரும்பப் போடவேணும்", அல்லது "கிராஃபிக்ஸ் போயிட்டுது". முதலாவதில் ஒரு நாள் போகும், இரண்டாவதில் காசு போகும். இவற்றில் ஒன்று உண்மையாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டுதான். ஆனால் அது கடைசியாக வரவேண்டிய முடிவு, முதலில் சொல்லவேண்டியது அல்ல.

ஒரு வீடியோ திரைக்கு வந்துசேரும் பாதை நீளமானது. முதலில் ஃபைல் அல்லது இன்டர்நெட், பிறகு டிஸ்க், சுருக்கியதை விரிக்கும் டிகோடர், கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்), கிராஃபிக்ஸ் சிப், கேபிள், கடைசியில் திரை. இதில் எந்த இடம் பிழைத்தாலும் நாங்கள் சொல்வது "உடையுது" என்ற ஒரே சொல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு இடத்துக் கோளாறும் திரையில் வேறு விதமாகத் தெரியும். அதைப் பார்த்து இடத்தை அறிந்துகொள்ளும்வரை ஒரு செட்டிங்கிலும் கை வைக்கவேண்டாம். ஐந்தாறு செட்டிங்கை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று பிறகு தெரியாது.

படி 1: கோளாறைச் சரியாகப் பாருங்கள்

படம் சதுரம் சதுரமாக உடைந்து, ஒருவர் அசையும்போது அவருடைய நிறம் பின்னால் இழுபட்டுக்கொண்டு போய், சில விநாடிகளில் சட்டென்று தெளிந்தால் அது தரவு இழப்பு. காரணம் வீடியோவைச் சுருக்கும் முறையிலேயே இருக்கிறது. ஃபைலில் ஒவ்வொரு படமும் முழுதாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப்படம் வரும். அதைக் கீஃபிரேம் என்பார்கள். மற்றவை எல்லாம் "முந்திய படத்தில் இது மட்டும் மாறியது" என்ற குறிப்புகள். கடைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவைப் பிழையாக எழுதினால் அதற்குக் கீழேயுள்ள மீதி எல்லாம் பிழைத்துக்கொண்டே போகும், பெட்டியைத் திறந்து காசை எண்ணும்வரை. இங்கேயும் அதுதான். ஒரு துண்டுத் தரவு போனதும் மணமகளின் முகம் மாப்பிள்ளையின் தோளில் ஒட்டிக்கொண்டு நகரும். அடுத்த கீஃபிரேம் வந்ததும் எல்லாம் சரியாகும். சதுரமாகத் தெரிவதற்குக் காரணம், இன்றும் அதிகம் பயன்படும் எச்.264 முறை படத்தை 16க்கு 16 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குவது.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது, சத்தம் முன்னே போகிறது என்றால் கதை வேறு. தரவு முழுதாக வந்துவிட்டது, அதை விரிக்கக் கொம்பியூட்டருக்கு நேரம் போதவில்லை.

முழுப்படமும் பச்சையாக, இளஞ்சிவப்பாக, ஊதாவாக மாறினாலோ, பாதிப் படம் பச்சைப் பட்டையாக நின்றாலோ அநேகமாக டிகோடரும் கிராஃபிக்ஸ் டிரைவரும் ஒத்துப்போகவில்லை.

திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மினுங்குவது, அரை விநாடி கறுத்துத் திரும்புவது: கேபிள்.

வேகமாக அசையும் காட்சியில் படம் குறுக்கே வெட்டுப்பட்டு மேல்பாதியும் கீழ்ப்பாதியும் விலகித் தெரிவது: திரையின் வேகமும் படத்தின் வேகமும் ஒத்துப்போகாதது. பிளேயரிலோ கிராஃபிக்ஸ் செட்டிங்கிலோ வி-சிங்க் என்பதை இயக்கினால் போதும்.

இன்னொன்று உண்டு. அதைக் கோளாறு என்று நினைத்துப் பலர் லப்டொப்பையே மாற்றிவிடுகிறார்கள். பழைய கல்யாண டிவிடியைப் போட்டால் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும். இலங்கையில் பால் முறைதான் பாவித்தோம். அதில் 576 கோடுகள் கொண்ட படம், ஒற்றைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைக் கோடுகள் ஒருமுறை என்று இரண்டு பாதியாக, விநாடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகும். பழைய குழாய் டிவியில் அது தெரியாது, இன்றைய திரையில் தெரியும். விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போது கீபோர்டில் டி (D) எழுத்தை அழுத்துங்கள். டீஇன்டர்லேஸ் இயங்கி, கோடுகள் மறையும். வேறொன்றும் செய்யவேண்டியதில்லை.

படி 2: காசில்லாத மூன்று சோதனைகள்

முதலாவது, உடைந்த இடத்துக்கு வீடியோவைப் பின்னால் இழுத்துத் திரும்ப ஓடவிடுங்கள். அதே விநாடியில், அதே மாதிரி உடைந்தால் ஃபைலில் பிழை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் ஃபைலை விட்டுவிடுங்கள், கோளாறு கொம்பியூட்டரில் அல்லது இணைப்பில்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோளாறு திரையில் நிற்கும்போது விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதே நேரத்தில் ஃபோனாலும் திரையைப் படம் பிடியுங்கள். பிறகு அந்த ஸ்கிரீன்ஷொட்டை வேறொரு சாதனத்தில், உதாரணமாக வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி ஃபோனில், திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷொட்டிலும் கோளாறு இருந்தால் அது கொம்பியூட்டருக்குள்ளே உண்டானது. ஃபோன் படத்தில் கோளாறு, ஸ்கிரீன்ஷொட் சுத்தம் என்றால் பிழை பெரும்பாலும் கேபிளில் அல்லது திரையில், விண்டோஸில் தேடிப் பயனில்லை. ஒரு விலக்கு: நெட்ஃபிளிக்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட வீடியோக்களில் ஸ்கிரீன்ஷொட் வெறும் கறுப்பாக வரும். அது கோளாறல்ல.

மூன்றாவது, அதே வீடியோவை வேறு பிளேயரிலும், முடிந்தால் ஃபோனிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்று முடிவையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு கீழே பொருத்தமான படிக்குப் போகலாம். எல்லாப் படியையும் எல்லோரும் செய்யத் தேவையில்லை.

படி 3: அதே இடத்தில் உடைந்தால், ஃபைல்

கொழும்பில் இந்தப் பிரச்சினை அதிகம் தலைகாட்டுவது கல்யாண, சாமத்திய வீட்டு வீடியோக்களில். வீடியோக்காரர் ஒரு பென் டிரைவில் தருவார். வீட்டில் ஒருவர் அதைக் கொப்பி பண்ணி இன்னொரு பென் டிரைவில் கனடாவுக்குக் கொடுத்துவிடுவார், அங்கே ஓடாது. இதைப் பிடிக்க எளிய வழி, இரண்டு ஃபைலிலும் ரைட் கிளிக் செய்து புரொப்பர்டீஸில் பைட் அளவை ஒப்பிடுவது. அடைப்புக்குள் இருக்கும் முழு எண்ணைப் பாருங்கள், "3.8 ஜிபி" என்ற சுருக்கம் போதாது. எண் வேறானால் கொப்பி அரைகுறை. திரும்ப எடுத்து, முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

எண் ஒன்றாகவே இருந்தும் உடைந்தால் பென் டிரைவையே சந்தேகிக்கவேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவு டிரைவ்களில் போலியும் கலந்திருக்கும். வெளியே 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே உண்மையில் அதில் ஒரு சிறு பங்குதான். நிறைந்ததும் புதியதைப் பழையதன் மேல் எழுதும், அல்லது எழுதியதாகப் பொய் சொல்லும். ஃபைலின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், உள்ளே குப்பை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருள் டிரைவ் முழுவதும் எழுதித் திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லிவிடும். அதற்கு முதல் டிரைவில் உள்ளதை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். வாங்கிய அன்றே இதைச் செய்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், மூன்று மாதம் கழித்துப் போனால் அவர் உங்களைத் தெரியாத மாதிரிப் பார்ப்பார்.

4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் பென் டிரைவில் ஏறவே மறுத்தால் அது ஃபேட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றவேண்டும். மாற்றும்போது உள்ளிருப்பது அழியும்.

எந்த வீடியோவையும் பென் டிரைவிலிருந்து நேரே ஓட்டாமல் ஒருமுறை லப்டொப்பின் உள் டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணி ஓட்டிப் பாருங்கள். உள்ளே வந்ததும் சரியாக ஓடினால் டிரைவின் வேகம்தான் பிரச்சினை. பழைய யூஎஸ்பி 2 டிரைவ்கள் உயர்தர 4கே வீடியோவுக்கு ஈடுகொடுக்காமல் போகலாம்.

வீடியோ உள் டிஸ்க்கில் இருந்தும் உடைந்தால், அதுவும் ஃபைலைத் திறக்கும்போதே லப்டொப் சற்று இறுகி நின்றால், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை இறக்கிப் பாருங்கள். நீலத்தில் "குட்" என்றால் நிம்மதி. மஞ்சளில் "கோஷன்" என்றால், குறிப்பாகக் கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற வரியில் சைபர் அல்லாத எண் இருந்தால், டிஸ்க்கில் வாசிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அந்த நிலையில் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடாது. ரிப்பேர் கட்டளைகளும் இப்போது வேண்டாம். முதலில் முக்கியமானவற்றை வெளியே கொப்பி பண்ணுங்கள். சாகப்போகும் டிஸ்க்குக்கு வேலை கொடுக்கக் கொடுக்க வாசிக்கக்கூடிய இடமும் குறையும். அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் என்ற வரி மட்டும் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க் அல்ல, அதற்குப் போகும் டேட்டா கேபிளை மாற்றுங்கள்.

பதிவாகும்போதே மின்சாரம் போனால் வரும் சேதம் வேறு வகை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். யூபிஎஸ் இல்லாமல் அந்த நேரத்தில் ஏதேனும் பதிவு செய்துகொண்டிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: எம்பி4 ஃபைலின் அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். இடையில் நின்றால் படம் உள்ளே இருக்கும், பிளேயருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே கமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டித் தரப் பார்க்கும். பல சமயம் சரிவரும். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளைப் பாவிப்பவர்கள் எம்பி4க்குப் பதிலாக எம்கேவி வடிவத்தில் எடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ மங்கலாக, சதுரம் சதுரமாக இருந்தால் அதில் திருத்த ஒன்றுமில்லை, அனுப்பும்போதே சுருக்கப்பட்டது. அனுப்பியவரிடம் "டொகுமென்ட்டா அனுப்புங்கோ" என்று கேளுங்கள். 2 ஜிபி வரை அப்படியே வரும்.

படி 4: இன்டர்நெட் வீடியோ

இங்கேதான் அதிகக் குழப்பம். யூடியூப் உடைந்தால் உடனே இணைப்பைத் திட்டுகிறோம். ஆனால் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தரவில் ஒரு துண்டு விடுபட்டால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கிய பிறகே ஓட்டும். அதனால் இணைப்பு மோசமானால் இரண்டு விஷயங்கள்தான் நடக்கும்: வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும், அல்லது தரம் இறங்கி முழுப்படமும் மங்கும். யூடியூப்பில் பச்சைப் பட்டை வந்தாலோ, படத்தின் ஒரு மூலை மட்டும் சிதைந்தாலோ அநேகமாக இணைப்பில் குற்றமில்லை. நேரே படி 5க்குப் போங்கள்.

ஸூம், வாட்ஸ்அப் கோல், இன்டர்நெட் வழி வரும் டிவி இவை அப்படியல்ல. நேரடியாகப் பேசும்போது விடுபட்டதைத் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை, இருப்பதை வைத்து ஓட்டவேண்டும். அதனால்தான் ஸூம் வகுப்பில் ரீச்சரின் முகம் சதுரமாகிறது, அதே வீட்டில் யூடியூப் தெளிவாக ஓடுகிறது. இரண்டும் ஒரே இணைப்புத்தான்.

யூடியூப்பில் உண்மையைத் தெரிந்துகொள்ள, ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மூலையில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். பஃபர் ஹெல்த் என்பது முன்கூட்டி இறங்கியிருக்கும் விநாடிகள். அது சைபரை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் இணைப்புப் போதவில்லை. ஃபிரேம்ஸ் வரியில் டிராப்ட் என்று காட்டும் எண் நேரத்துக்குக் காட்ட முடியாமல் விட்ட படங்கள். பஃபர் நிறைய இருக்கும்போது இந்த எண் ஏறிக்கொண்டு போனால் இணைப்பு நல்லது, கொம்பியூட்டர்தான் திணறுகிறது. கோடெக்ஸ் வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 என்று ஏதாவது ஒன்று தொடக்கத்தில் இருக்கும். இவை முறையே ஏவி1, விபி9, எச்.264 என்ற சுருக்கும் முறைகளின் குறிகள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? யூடியூப் தானே சொல்லும் கணக்கில் 720க்கு 2.5 எம்பிபிஎஸ், 1080க்கு 5, 4கேக்கு 20. 5 எம்பிபிஎஸ் என்பது மணிக்கு ஏறத்தாழ 2.25 ஜிபி டேட்டா. இந்தக் கணக்கு தெரியாமல் மாத நடுவில் டேட்டாவை முடித்துவிட்டு, மிச்ச நாள்களில் வேகம் குறைக்கப்பட்ட இணைப்பில் "வீடியோ உடையுது" என்று சொல்பவர்கள் பலர். முதலில் உங்கள் பொதியில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

அடுத்தது வைஃபை. வெள்ளவத்தையில் ஒரு மாடிக்குடியிருப்பில் நின்று ஃபோனைத் திறந்தால் பக்கத்து வீட்டு, மேல்வீட்டு, கீழ்வீட்டு வைஃபை பெயர்கள் பட்டியலாக வரும். அவற்றில் அநேகமானவை 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடறாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எல்லோரும் அதற்குள் அடிபடுகிறார்கள். ரவுட்டரில் 5 கிகாஹேட்ஸ் இருந்தால் லப்டொப்பை அதற்கு மாற்றுங்கள். அது கொங்கிரீட் சுவரைத் தாண்டச் சிரமப்படும் என்பதால் ஒரே அறையில் அல்லது கதவு திறந்த பக்கத்து அறையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் ரவுட்டருக்கும் லப்டொப்புக்கும் இடையில் ஒரு லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். கேபிளில் சரியாகி வைஃபையில் பிழைத்தால் சேவை நிறுவனத்துக்கு அழைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. கேபிளிலும் இரவு ஏழு மணிக்குப் பிறகு மட்டும் பிழைத்தால் அப்போது அழையுங்கள், நேரத்தையும் வேகச் சோதனை முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். 4ஜி ரவுட்டர் என்றால் அலுமாரிக்கு மேல் வைக்காமல் ஜன்னலோரம் வையுங்கள்.

நேரலைக்கு ஒரு குறிப்பு. நல்லூர்த் திருவிழா நேரலை உடைந்தால் உங்கள் லப்டொப்பைத் தொட முதல் வேறு ஊரில் பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். தேர் வீதியில் சனம் நிறைந்து எல்லோரும் ஃபோன் பாவிக்கும்போது அங்கிருந்து அனுப்பும் இணைப்பே திணறினால் ரொறன்ரோவிலும் அதே சதுரம்தான் தெரியும்.

படி 5: டிகோடர்

சுருக்கிய வீடியோவை விரிக்க இரண்டு வழி. ஒன்று, கொம்பியூட்டரின் பிரதான சிப்பான சிபியூ தன் பலத்தால் விரிப்பது. மற்றது, கிராஃபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே இருக்கும் பகுதி விரிப்பது. இரண்டாவது வேகமானது, சூடு குறைவு. ஆனால் அந்தப் பகுதிக்குத் தெரிந்த வடிவங்கள் மட்டும்தான் தெரியும்.

எச்.265, விபி9, ஏவி1 என்பவை எச்.264க்குப் பிறகு வந்த சுருக்கும் முறைகள். இன்டெல் லப்டொப்களில் எச்.265இன் சாதாரண 8-பிட் வடிவத்தை 6ஆம் தலைமுறை விரிக்கும், 10-பிட்டையும் விபி9ஐயும் முழுமையாக 7ஆம் தலைமுறையிலிருந்து. ஏவி1 என்றால் 11ஆம் தலைமுறை வேண்டும். தனிக் கார்டில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து ஏவி1 உண்டு. இந்தக் கணக்கை உங்கள் லப்டொப்புடன் ஒப்பிட்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். ஐஃபோன்கள் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து எச்.265இல் பதிவு செய்கின்றன. அக்கா ஐஃபோனில் எடுத்த 4கே வீடியோ உங்கள் 4ஆம் தலைமுறை லப்டொப்பில் விக்கினால் அதில் ஆச்சரியமில்லை.

நேரில் பார்க்க: வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ், அதில் ஜிபியூ, அதாவது கிராஃபிக்ஸ் சிப். வீடியோ டிகோட் என்ற வரைபு, சில கார்டுகளில் வீடியோ கோடெக் என்று இருக்கும், அசைந்தால் சிப் வேலை செய்கிறது. அது தரையில் கிடக்க, சிபியூ 90, 100 வீதத்தில் நின்றால் எல்லாப் பாரமும் சிபியூவின் தலையில்.

சிபியூ திணறும் வகைக்கு மருந்து: யூடியூப்பில் தரத்தைக் கையால் 1080க்கோ 720க்கோ இறக்குங்கள். 1366க்கு 768 திரையில் 4கே ஓட்டி லாபமில்லை. கோடெக் வரியில் ஏவி01 அல்லது விபி09 இருந்து லப்டொப் பழையதாக இருந்தால், குரோமில் எச்264ஐஃபை போன்ற நீட்சி ஒன்றைப் போடுங்கள். யூடியூப் பழைய எச்.264 வடிவத்தையே தரும். தரம் 1080க்கு மேல் போகாது, ஆனால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஃபைல் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் போட்டு எச்.264, 1080க்கு மாற்றுங்கள். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

பச்சை, ஊதா, சிதைந்த மூலை வகைக்கு மருந்து நேர் எதிர். சிப் விரிப்பதை நிறுத்திப் பார்க்கவேண்டும். குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அங்கே யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்பதை நிறுத்தி, ரீலோஞ்ச் கொடுங்கள். எட்ஜிலும் இதே பெயரில் சிஸ்டம் பகுதியில் இருக்கும். விஎல்சியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் கோடெக்ஸ், ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்பதை டிசேபிள் ஆக்கி, சேவ் செய்து, விஎல்சியை மூடித் திறவுங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர். இதை நிரந்தரத் தீர்வாக விட்டுவிடாதீர்கள். சிபியூ சுடும், பேட்டரி கரையும். டிரைவரைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப இயக்கவேண்டும்.

விஎல்சியில் மட்டும் நிறம் பிழைத்தால் அதே பிரிஃபரன்சஸில் வீடியோ பகுதிக்குப் போய் அவுட்புட்டை டைரக்ட்3டி11இலிருந்து ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் குழம்பிவிட்டதென்றால் கீழே ரீசெட் பிரிஃபரன்சஸ் இருக்கிறது.

கோடெக் பேக் என்ற டிகோடர் தொகுப்புகளில் இரண்டு மூன்றை அள்ளிப் போடுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. வேண்டாம். விஎல்சி தனக்கு வேண்டியதைத் தன்னோடேயே கொண்டுவருகிறது. பல பேக்குகள் சேர்ந்தால் எந்த வீடியோவை எது விரிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 6: டிரைவர்

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரை ஒருகணம் கறுத்துத் திரும்பும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கிவிட்டது. திறந்த வேலை ஒன்றும் அழியாது. தற்காலிகச் சிக்கல் என்றால் இதோடு போகும்.

கோளாறு விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு தொடங்கியதென்றால் டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், கார்டின் பெயரில் ரைட் கிளிக், புரொப்பர்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை.

அப்போது புதிதாகப் போடவேண்டும். லப்டொப் என்றால் முதலில் லப்டொப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மொடலுக்குரியதை எடுங்கள். அதற்குப் பிறகே இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவேண்டாம். மேலே மேலே போட்டும் சரிவராவிட்டால் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற கருவியைச் சேஃப் மோடில் ஓட்டிப் பழையதன் அடிவேரையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். இன்டர்நெட்டை அந்த நேரம் துண்டித்து வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு டிரைவரை இடையில் போட்டுவிடும்.

படி 7: சூடு

கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையைச் சுற்றித்தான். காற்றில் ஈரம் வேறு. அந்த ஈரத்தில் தூசு விசிறியின் பின்னால் கம்பளிபோலப் படிந்துவிடும். வீடியோ முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விக்கத் தொடங்கினால், அல்லது மெத்தையில் வைத்தால் மட்டும் விக்கினால் சூடுதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். சிபியூ 95 பாகையைத் தொட்டு நின்றால் அது தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கிறது. விசிறியைத் துடைத்து, பழைய லப்டொப் என்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்டும் மாற்றினால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி சேவர் இயங்கினாலும் இதே விக்கல் வரும். சார்ஜரைக் குத்தி ஒருமுறை பாருங்கள்.

கிராஃபிக்ஸ் சிப்பே கெட்டதா என்று அறிய விண்டோஸே தேவையில்லை. லப்டொப்பை நிறுத்தி, திரும்பப் போட்டு, கம்பனிப் பெயர் வரும் திரையையும் விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயோஸ் செட்டிங் திரையையும் கவனியுங்கள். அங்கேயும் கோடுகளும் நிறச் சதுரங்களும் இருந்தால் டிரைவரும் இல்லை, விண்டோஸும் இல்லை. லப்டொப்பை ஒரு வெளி மொனிட்டரில் இணைத்துப் பாருங்கள். வெளித்திரை சுத்தமென்றால் லப்டொப் திரை அல்லது அதன் உள் கேபிள். அங்கேயும் கோடென்றால் சிப் அல்லது ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிட்டு, குற்றம் ராமில் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். ராம் மாற்றுவது மலிவு.

பழைய கார்ட் வாங்குபவர்களுக்கு: 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறியதும், அதை உண்டாக்க இரவு பகலாக ஓடிய கிராஃபிக்ஸ் கார்டுகள் உலகம் முழுவதும் பழைய சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் கடையிலேயே அரைமணி நேரம் ஏதாவது கேமை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

படி 8: கேபிள்

புள்ளி மினுங்கல், இடையிடையே கறுப்பு. டிவியில் 4கேயை 60 ஹேட்ஸில் ஓட்டும்போது மட்டும் வந்தால் கேபிளின் தரம் போதாது. அதற்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். பழையவை அநேகமாக 10.2 வரைதான். சோதிக்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. டிஸ்பிளே செட்டிங்கில் 30 ஹேட்ஸுக்கு இறக்குங்கள். கோளாறு நின்றால் கேபிள்தான். முனையைக் கழற்றிப் பார்க்கவும். கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் முனை மங்கிப்போவது புதிதல்ல.

கடைக்குப் போகவேண்டி வந்தால்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ வீட்டுக்கருகே உள்ள கடைக்கோ போகும்போது நாலு பொருள் கொண்டுபோங்கள்: ஃபோனில் எடுத்த படம், ஸ்கிரீன்ஷொட், பிழைக்கும் வீடியோவின் கொப்பி, படி 2இல் எழுதிய துண்டு. "அண்ணை, பயோஸிலயும் கோடு வருது, வெளி மொனிட்டரிலயும் வருது" என்று தொடங்கினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். உங்கள் படங்களை முன்கூட்டியே வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். என்ன மாற்றப் போகிறார்கள், எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

லப்டொப்பில் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு ஒட்டியிருக்கும். அதைச் சூடாக்கித் திரும்ப ஒட்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். சில வாரம், சில மாதம் ஓடும், பிறகு அதே கோடுகள் வரும். குறைந்தது ஆறு மாத உத்தரவாதத்தை எழுதித் தராத இடத்தில் அந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.